கள்ளுக்கடையைக் கடந்து செல்லும் வழி



நம் மாக் மண்டின் குடும்பங்கள் சிலவற்றின் முன்னோர், வடக்கே கெடாவின் இரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள். அத்தோட்டங்களில் கோயிலும் பள்ளியும் இருந்தது போலவே கள்ளுக்கடையும் இருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதி அங்கேயே கரைந்தது. குடியை விடத் துணிந்தவனும் மறுநாள் மாலை அக்கடையைக் கடந்துதான் வீடு திரும்ப வேண்டும். உடன் வேலை செய்வோர் அங்கேதான் அமர்ந்திருப்பர். தனியொருவனின் உறுதி எத்தனை நாள் தாங்கும்?

போருக்குப் பின், பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. இளைஞர்கள் அணிவகுத்துக் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். 1947இல் பீடோங்கில் அது காவல் துறையினருடன் மோதலாகி, உயிரிழப்பும் நேர்ந்தது. வரலாற்று நூல்கள் இதனைத் தொழிலாளர் போராட்டம் என்றே எழுதுகின்றன. அது சரியே. ஆயினும், குடிக்காத நண்பர் கூட்டம் ஒன்று தோட்டத்தில் தோன்றியதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1935இல், அமெரிக்காவின் ஆக்ரான் நகரில் பில் வில்சனும் மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்தனர். இருவரும் குடியால் நலிந்தவர்கள். ஒருவருக்கொருவர் துணையாய் நின்றதில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனின் தந்தை குடியை நிறுத்தினார். முதல் மாதம் முழுதும், வேலை முடியும் நேரத்தில், பக்கத்து வீட்டுக்காரர் தம் மோட்டார் சைக்கிளோடு தொழிற்சாலை வாயிலில் காத்திருந்தார்.