ஓரங்கள் காலியான கதை

1953-ல் ‘த ரோப்’ படத்தை சினிமாஸ்கோப்பில் வெளியிட்ட ஃபாக்ஸ் நிறுவனத்தின் கணக்கு வெளிப்படையானது. அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. அந்தப் பெட்டியால் தர முடியாத ஒன்றைக் கொட்டகையில் காட்டினால்தான் கூட்டம் திரும்பும். பெட்டியின் வடிவம் 4:3. சினிமாஸ்கோப்போ உயரத்தைப் போல இரண்டரை மடங்கு அகலம். எட்டே ஆண்டுகளில் கணக்கு தலைகீழானது. 1961 செப்டம்பரில் என்பிசி தொலைக்காட்சி சனிக்கிழமை இரவுகளில் சினிமா காட்டத் தொடங்கியபோது, முதலில் போட்டது அதே ஃபாக்ஸின் சினிமாஸ்கோப் படமான ‘ஹௌ டு மேரி எ மில்லியனேர்’. மர்லின் மன்றோ, பெட்டி கிரேபிள், லாரன் பக்கால் என்று மூன்று நாயகிகளைப் பக்கம் பக்கமாக நிறுத்திக் காட்டிய படம். அதைப் பெட்டிக்குள் நுழைக்க ஏறக்குறையப் பாதிப் படத்தை வெளியே விட வேண்டியிருந்தது.

அந்த வேலைக்கு ‘பேன் அண்ட் ஸ்கேன்’ என்று பெயர். பிலிமை வீடியோவாக மாற்றும் இயந்திரத்தின் முன் ஒருவர் உட்கார்ந்து, 4:3 அளவுள்ள ஜன்னல் ஒன்றை அகலமான படத்தின் மேல் இடமும் வலமுமாக நகர்த்துவார். பேசுகிறவர் இடக்கோடியில், கேட்கிறவர் வலக்கோடியில் என்றால் அவருக்கு இரண்டே வழிகள்: ஒளிப்பதிவாளர் செய்யாத ஒரு கேமரா நகர்வைச் செய்வது, அல்லது ஒரே ஷாட்டை இரண்டாக வெட்டி முகத்துக்கு முகம் தாவுவது. இரண்டாவது வழியில் கேட்டுக்கொண்டிருப்பவரின் மௌனம் காணாமல் போகும். இயக்குநர் சிட்னி போலக் தன் ‘த்ரீ டேஸ் ஆஃப் த கொண்டோர்’ இப்படிக் காட்டப்பட்டதற்காக டென்மார்க் தொலைக்காட்சி மீது வழக்கே போட்டார். உடி ஆலன் தன் ‘மன்ஹாட்டன்’ மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடுதான் வீட்டுத் திரைக்கு வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஆனால் இந்தச் சண்டைகளெல்லாம் ஏற்கெனவே எடுத்து முடித்த படங்களைப் பற்றியவை. பெரிய மாற்றம் எடுக்கப்போகும் படங்களில் நடந்தது. எப்படியும் தொலைக்காட்சிக்குப் போகும் என்று தெரிந்ததும், கேமராவின் கண்ணாடியிலேயே பெட்டியின் எல்லை கோடாக வரையப்பட்டது. முக்கியமான எதையும் கோட்டுக்கு வெளியே வைக்காதே என்பது எழுதாத சட்டமானது. ஜேம்ஸ் கேமரூன் ‘தி அபிஸ்’, ‘டெர்மினேட்டர் 2’ படங்களுக்கு சூப்பர் 35 முறையை எடுத்துக்கொண்டதற்கு, வீடியோவுக்காக மேலும் கீழும் கூடுதல் படம் கையில் இருக்கும் என்பதும் ஒரு காரணம். சட்டகத்தை மாற்றும் தொழில் வெட்டி எறிந்ததைவிட, எடுக்கவே விடாமல் செய்தது அதிகம் என்பது என் வாதம். சட்டகத்தைத் தானாகவே மாற்றும் இன்றைய ஏஐ கருவிகளையும் இந்த இடத்தில் வைத்தே பார்க்க வேண்டும்.

இன்றைய நெருக்கடி அன்றையதைவிடக் கடுமை. நிமிர்த்திப் பிடித்த கைப்பேசிக்காக 16:9 படத்திலிருந்து 9:16 துண்டை எடுத்தால் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஸ்கோப் படத்திலிருந்து எடுத்தால் கால் பங்குகூட இல்லை. அடோபியின் எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவுக்கு ‘ஆட்டோ ரீஃப்ரேம்’ வந்தது 2019-ல். கூகுள் தன் ‘ஆட்டோஃபிளிப்’பை 2020 பிப்ரவரியில் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் இந்தியா டிக்டாக்கைத் தடை செய்ய, ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் சோதனை முறையில் யூடியூப் ஷார்ட்ஸும் இங்கே இறங்கின. கருவியும் சந்தையும் கைகோத்து வந்த ஆண்டு அது. ஆட்டோஃபிளிப் வேலை செய்யும் விதம் பழைய பேன் அண்ட் ஸ்கேன் மேசையை அப்படியே நினைவூட்டுகிறது: ஷாட் எங்கே மாறுகிறது என்று கண்டுபிடிக்கிறது, முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண்கிறது, பிறகு ஜன்னலை அசையாமல் வைப்பதா, மெல்ல நகர்த்துவதா, ஆளைப் பின்தொடர்வதா என்று முடிவு செய்கிறது. விட்டுவிடக் கூடாதவை ஜன்னலுக்குள் அடங்காவிட்டால் பட்டை வைத்து ஒதுங்கிக்கொள்கிறது. அதுவும் உடி ஆலன் கேட்ட அதே பட்டைதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கருவி முகத்தை எங்கிருந்தாலும் தேடிப் பிடிக்குமானால், எல்லாவற்றையும் நடுவில் வைத்து எடுக்கும் கட்டாயம் தளர வேண்டுமே, இறுகுவானேன்? ஒருவர் மட்டும் நகரும் காட்சிக்கு இது உண்மை. கண்ணை மூடிக்கொண்டு நடுவை வெட்டுவதைவிடக் கருவி பல மடங்கு மேல். பாடம் நடத்தும் ஆசிரியருக்கும், எடிட்டருக்குச் சம்பளம் தர முடியாத சிறு செய்தி சேனலுக்கும் இது உதவி என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கருவி பின்தொடர்வது ஒரு மையத்தை. இரண்டு பேருக்கு நடுவே உள்ள தூரமே விஷயமாக இருக்கும்போது அதற்குப் பிடிக்க எதுவுமில்லை. நம் சினிமாவின் குழு நடனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரிசை வரிசையாக நாற்பது பேர் ஒரே வீச்சில் திரும்புவதில்தான் அதன் அழகு. ரீல்ஸில் வரும்போது நாயகனின் மார்பளவும் ஓரத்தில் யாருடையதோ ஒரு முழங்கையும்தான் மிச்சம். கருவி தோற்றுப்போகும் இத்தகைய ஷாட்டை அடுத்த முறை எடுப்பவர் தவிர்க்கப் பார்ப்பார். கேமராவின் மானிட்டரில் இப்போது 9:16 கோடு வந்துவிட்டது. 4:3 கோடு செய்ததை அதுவும் செய்யும்.

பழைய மேசையில் இருந்தவரும் அவசரக்காரர்தானே, அவரை ஏன் புனிதராக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆக்க வேண்டாம். அவர் செய்த வெட்டுகளில் பல மோசமானவை. ஆனால் கதவுக்குப் பின்னால் ஒருவன் ஒளிந்திருக்கிறான் என்று கதையை வைத்து அவருக்குத் தெரியும். முகம் எதுவும் தெரியாத கதவின் மேல் ஜன்னலை நிறுத்தி வைக்க அவரால் முடிந்தது. பிரீமியரும் தன் முடிவுகளைக் கீஃபிரேம்களாகத்தான் விட்டுவைக்கிறது, கையால் திருத்தலாம். திருத்தப் பொழுது வேண்டும். அந்தப் பொழுதை மிச்சப்படுத்தத்தான் கருவியை வாங்குகிறார்கள்.

செங்குத்து வடிவமே தாழ்ந்தது, மனிதக் கண்கள் பக்கவாட்டில்தானே அமைந்திருக்கின்றன என்ற வாதத்தோடு எனக்கு உடன்பாடில்லை. 1930-ல் ஹாலிவுட் அகலத் திரையைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தபோது, அங்கு வந்திருந்த சோவியத் இயக்குநர் ஐசன்ஸ்டைன் சதுரத் திரை கேட்டார். நிமிர்ந்து நிற்பவற்றைச் சினிமா ஒதுக்கிவைக்கிறது என்பது அவர் குறை. சதுரமென்றால் ஷாட்டுக்குத் தகுந்தபடி அகலமாகவும் உயரமாகவும் அமைத்துக்கொள்ளலாம். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, தென்னையை அடியிலிருந்து குருத்து வரை எடுப்பவர் ஐசன்ஸ்டைன் பக்கம்தான் நிற்கிறார். அது உயரத்துக்காக எடுத்த படம். படுக்கையாக எடுத்ததை நிமிர்த்தினால் அந்த உயரம் கிடைப்பதில்லை, அகலம் மட்டும் குறைகிறது. மேலும் கீழும் இல்லாததைக் கணினியே வரைந்து நிரப்பும் முறை இப்போது பரவுகிறது. அது வரைவது பெரும்பாலும் வானமும் தரையும்தான்.

பேன் அண்ட் ஸ்கேனை ஒழித்தது வழக்கு அல்ல. வீட்டுப் பெட்டியே 16:9 ஆனதும் அந்தத் தொழிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. மூலப் பிரதி கையில் இருந்த படங்கள் டிவிடியிலும் பிறகு இணையத்திலும் முழு அகலத்தோடு திரும்பி வந்தன. பெட்டிக்குப் பயந்து நடுவிலேயே நெருக்கி எடுத்த படங்களும் அதே அகலத்தோடு திரும்பின; அவற்றின் இரண்டு பக்கமும் சுவரும் திரைச்சீலையுமாக இருந்தது.