சின்ன மாமியும் கிட்டாரும்

1967ஆம் வருஷம் பிரேசில் தேசத்துச் சாவோ பாவுலோ நகரத்துப் பாட்டுப் போட்டியில் கயெத்தானோ வெலோசோ என்னும் இளைஞர் மின்கிட்டார் முழங்க 'அலெக்ரியா, அலெக்ரியா'வைப் பாடித் திரோப்பிக்காலியா என்ற கலைக் கிளர்ச்சிக்கு வித்திட்டாரென்றால், ஏறக்குறைய அதே காலத்தில், யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் கிட்டாரும் கையுமாய்ப் பாடிய 'சின்ன மாமியே' ஈழத்துப் பொப்பிசைக்கு வாசலைத் திறந்துவிட்டது.

இரு தேசங்களிலும் ஒரு காலத்தில் ஆட்சி செலுத்தியவர் போர்த்துக்கேயர். 1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணம் அவர்கள் வசமிருந்தது. அவர்களும் அவர்களோடு வந்த ஆபிரிக்கரும் இலங்கையில் விட்டுச்சென்ற சங்கீதத்திலிருந்து கிளைத்த பைலாவின் துள்ளல் தாளமே ஈழத்துப் பொப்பிசைக்கும் ஆதாரமாயிற்று.

'சின்ன மாமியே' பாட்டின் விஷயமோ முற்றிலும் நம்முடையது. மாமியின் மகள் மச்சாள், மச்சாளோ முறைப்பெண். ஆகையால், மகள் எங்கேயென்று மாமியிடமே ஓர் இளைஞன் உரிமையோடு விசாரிப்பது யாழ்ப்பாணத்து முற்றங்களில் நித்தமும் நிகழக்கூடிய சம்பாஷணை. அதனை வீட்டுப் பேச்சு மொழியிலேயே மேடையேற்றிய துணிவுதான் அப்பாட்டின் ஜீவன். கீர்த்தனங்களே சங்கீதமென்று கருதிய பெரியோர் சிலர் இதனை இலேசான கேளிக்கையென ஒதுக்கியது நியாயமன்று.

பின்னர் ஈழத்துப் பொப்பிசைப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் குரலில் பிரசித்தி பெற்ற 'சுராங்கனி' என்ற பாட்டு, 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தின் மூலம் தமிழ்நாட்டுத் திரையிலும் ஒலித்தது. ஈழத்து இசைச் சரித்திரம் எழுதப் புகுவோர், பண்ணிசைக்கும் நாதஸ்வரத்துக்கும் பக்கத்திலேயே இப்பாடல்களுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன்.