ஆள் இறங்காத தொட்டி

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குக் கழிவுத்தொட்டி என்றால் 'ஃபோஸ் செப்திக்'தான். பிரான்சில் மூரா என்பவர் 1881-இல் காப்புரிமை பெற்ற தொட்டி அதற்கு முன்னோடி. அதில் நீர் தானாக வெளியேறிவிடும். அடியில் தங்கும் கசடை என்ன செய்வது?

செலவில்லாத வழி கண்டவர் ஜெர்மனியின் கார்ல் இம்ஹோஃப். சுரங்கங்கள் நிறைந்த எம்ஷர் ஆற்றுப் பகுதியில் பணியாற்றிய பொறியாளர். 1906-இல் இரண்டு அடுக்குத் தொட்டிக்குக் காப்புரிமை பெற்றார். மேலடுக்கில் கழிவுநீர் மெதுவாக ஓடும். படிவது சரிவான தளத்தின் இடுக்கு வழியே கீழறைக்கு இறங்கி, காற்றில்லாமல் சில மாதங்கள் செரிக்கும். அடியிலிருந்து எழும்பும் ஒரு குழாய், நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே வெளியே திறக்கும். வால்வைத் திருகினால் தொட்டி நீரின் அழுத்தமே கசடை வெளியே தள்ளும். பம்பு வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். மணல் படுகையில் பரப்பினால் நீர் வடிந்து காயும். பிறகு மண்வெட்டியால் அள்ளலாம்.

ஒரே நிபந்தனை: காலம் தவறாமல் சிறிது சிறிதாக வடிக்க வேண்டும். விட்டுவிட்டால் இறுகிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

கழிவுத்தொட்டிக்குள் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் நம் நாட்டில் 2013-இல் வந்தது. இன்றும் அப்படி இறங்கி இறந்தவர்களைப் பற்றிப் படிக்கிறோம். கசடெடுக்க ஆள் இறங்க வேண்டாத தொட்டிக்கோ நூறு வயது தாண்டிவிட்டது.