கைநாட்டும் வக்கீலும்

குண்டாற்றங்கரைத் திருச்சுழியை இரமண மகரிஷி பிறந்த ஊராகப் பலரும் அறிவர். அவர்தம் தந்தையார் சுந்தரம் ஐயர் அங்கே என்ன தொழில் செய்தார் என்பதை அறிந்தோர் சிலரே. பன்னிரண்டு வயதில் கிராமக் கணக்கரிடம் மாதம் 2 ரூபாய்ச் சம்பளத்திற்கு எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். பின்னர் மனு எழுதப் பழகி, சட்டத் தேர்வு எழுதாமலே, அனுமதி பெற்று வாதாடும் வக்கீலானார், 1892இல் மறைந்தார். அந்நாளில் இவ்வறண்ட சீமையின் சிற்றூர்களில் சட்டம் அறிந்தோர் பெரும்பாலும் இத்தகையோரே. சுந்தரம் ஐயர் நற்பெயர் பெற்றவர். ஆனால் மனு எழுதிய எல்லோரும் அவரைப் போன்றவரல்லர். எழுதியவன் நேர்மையாளனாயின் ஏழை பிழைத்தான். இல்லையேல் காணி போயிற்று.

நம் முன்னோர் நிலை அதற்கும் ஒரு படி கீழே. வக்கீல் வீட்டுத் தெருவில் நடப்பதற்கே தடையிருந்த காலத்தில் அவரது திண்ணையை எங்ஙனம் அணுகுவது? இடையாள் ஒருவன் வேண்டும். அவனோ பல வேளைகளில் கடன் கொடுத்தவனின் ஆளாகவே இருந்தான்! வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கும் வழக்கம் இங்ஙனமே வேரூன்றியது.

வழக்காடுதல் எத்துணைச் செலவுடையது என்பதற்கு அண்டை ஊராகிய கமுதியே சான்று. 1897இல் நாடார் பெருமக்கள் அங்குள்ள கோவிலுக்குள் சென்றமை குறித்து எழுந்த வழக்கு, மதுரையையும் சென்னையையும் கடந்து, 1908இல் இலண்டன் பிரிவி கவுன்சிலில் முடிவுற்றது. தீர்ப்பு அவர்களுக்கு எதிராகவே வந்தது. எனினும் அத்தனை ஆண்டுகள் போராட அவர்களுக்கு உறவின்முறை இருந்தது, மகமை இருந்தது. அத்தகைய பொதுநிதி நமக்கு அன்று இல்லை.

விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் இக்குறை தீரவில்லை. ஏழைகளுக்குச் சட்ட உதவி வேண்டுமென 1973இல் வி. ஆர். கிருஷ்ணய்யர் குழு அறிக்கை தந்தது. 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தம் அரசியலமைப்பில் 39அ பிரிவைச் சேர்த்தது. இவற்றினும் நம்மவர் நினைவில் இருத்தவேண்டியது 1986ஆம் ஆண்டின் சுக் தாஸ் வழக்கு என்பேன். அருணாசலப் பிரதேசத்தில் வக்கீலின்றித் தண்டிக்கப்பட்டவர் அவர். சட்ட உதவி கேட்கவில்லையே என்று அவர்மேல் பழி சுமத்தலாகாது, அவ்வுரிமை உண்டென்பதை நீதிமன்றமே அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று கூறி, உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. எழுத்தறியா மக்களின் வாயடைத்த நிலையைச் சட்டம் உணர்ந்து பேசிய இடம் அது.

1987இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவின்படி பட்டியல் சாதியினர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர். வருமான வரம்பு இல்லை. பெண்களுக்கும் அவ்வாறே. வழக்கில் முகாந்திரம் இருத்தல் வேண்டும், அவ்வளவே. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவில் விண்ணப்பிக்கலாம். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகக் கூற, அங்குள்ளோர் எழுதிக்கொள்வர். மாவட்ட அளவிலான ஆணையத்தை நாடுவோர் விருதுநகரில் இறங்கிவிடலாகாது. மாவட்ட நீதிமன்றம் இருப்பது திருவில்லிபுத்தூரில்! அமர்த்தப்படும் வக்கீல் கட்சிக்காரரிடம் கட்டணம் பெறலாகாது. "செலவுக்கு" என்று கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. குழுவின் தலைவராகிய நீதிபதியிடம் முறையிடலாம்.

மனு எழுதித் தருமாறு பெற்றோர் பலர் இன்றும் பள்ளிக்கு வருகின்றனர். அவர்களுக்கு நான் தவறாது கூறுவது மக்கள் நீதிமன்றம் பற்றியே. அங்கே கட்டணமில்லை, நீதிமன்றத்தில் நிலுவையிலிருந்த வழக்கு அங்கே சமரசமாக முடிந்தால் முன்பு கட்டிய முத்திரைக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கு ஏற்படும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. ஆகவே கையெழுத்தோ கைநாட்டோ இடுமுன், ஒப்பந்தம் முழுவதையும் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டல் வேண்டும். உடன் செல்லும் பிள்ளையே படித்துக் காட்டினாலும் சரி.