மீஞ்சூர் கிணறுகளும் கொடுங்கையூர் கழிவுநீரும்

பொன்னேரியை ஒட்டி ஓடும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. அதற்குத் தெற்கே கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலைச் சேர்கிறது. இரண்டுமே ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பவை. ஆனால் மேலே மணல் காய்ந்தாலும் அடியில் தண்ணீர் இருந்தது. ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணற்படுகை, மழைநீரைப் பிடித்து வைக்கும் பெரிய தொட்டி! அந்தத் தொட்டியில் உப்பு ஏறிய கதைதான் இது.

1960-களில் மணலியில் பெரிய தொழிற்சாலைகள் வரத் தொடங்கின. 1965-இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ், 1966-இல் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனங்கள் உருவாயின. நீராவிக்கும் இயந்திரங்களைக் குளிர்விக்கவும் ஏராளமான தண்ணீர் வேண்டுமே, எங்கே போவது? 1966 முதல் 1969 வரை ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு நிலத்தடி நீர் ஆய்வு நடந்தது. பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. மீஞ்சூர் தண்ணீர் முக்கியமாகத் தொழிற்சாலைகளுக்குப் போனது. விவசாயிகளும் மோட்டார் வைத்து இறைத்தார்கள்.

இங்கே ஒரு இயற்கை விதியைக் கவனிக்க வேண்டும். கடற்கரை ஓரத்தில் நன்னீர் லேசானது என்பதால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம் வரை உப்புநீர் அண்டாது. மேலே 1 மீட்டர் குறைந்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடும்.

மீஞ்சூரில் நடந்தது அதுதான். 1969-இல் கரையிலிருந்து சுமார் 3 கி.மீ. வரை வந்திருந்த கடல்நீர், 1980-களில் மேலும் பல கி.மீ. உள்ளே வந்துவிட்டது. உப்பு ஏறிய கிணற்று நீரைப் பாய்ச்சினால் நெல் கருகும், குடிக்கவும் உதவாது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குத் தனிச் சட்டமே வந்தது.

தொழிற்சாலைகள் வேறு வழி தேடின. வழி பக்கத்திலேயே சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது! 1990-களின் தொடக்கத்தில் மேற்சொன்ன இரு நிறுவனங்களும் கொடுங்கையூர் நிலையத்தின் கழிவுநீரை வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கின. இதன் முறை எளிது. முதலில் கசடைப் படிய விடுவார்கள். அடுத்து, காற்று செலுத்தி வளர்க்கும் பாக்டீரியாக்கள் கரிமக் கழிவைத் தின்னும். கடைசியில் மிக நுண்ணிய சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிப்பார்கள். இதுதான் ஆர்.ஓ.

2010-இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. 2019-இல் கொடுங்கையூரில் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு நிலையம் மணலி, எண்ணூர், மீஞ்சூர் பகுதித் தொழிற்சாலைகளுக்காகத் திறக்கப்பட்டது.

கழிவுநீரைச் சுத்திகரிப்பது அதிகச் செலவு என்று சொல்பவர்கள் உண்டு. கிணற்று நீரோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் கிணற்று நீரின் கணக்கில் மின்சாரமும் குழாயும் மட்டுமே எழுதப்பட்டன. உப்பாகிப் போன வயல் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அந்தச் செலவை மீஞ்சூர், பொன்னேரி வட்டார விவசாயிகள் கட்டினார்கள். உள்ளே வந்த கடல்நீரை வெளியேற்றப் பல மழைக்காலங்கள் வேண்டும். கழிவுநீர்க் குழாயைத் திருப்பிவிட ஒரு முடிவு போதுமாக இருந்தது. அந்த முடிவு இருபது ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால், கடல் இவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்குமா?