வங்காளதேச வங்கி இணையவழிக் கொள்ளை, 2016

2016 பிப்ரவரியில் வங்காளதேசத்தின் நடுவண் வங்கியான வங்காளதேச வங்கியின் கணக்கிலிருந்து 10.1 கோடி அமெரிக்க டாலர் கணினி வழியே வெளியே அனுப்பப்பட்டது. பணம் இருந்த இடம் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கி. அதை எடுத்துக் கொடுக்கும் கட்டளைகள் டாக்காவில் இருந்த கணினிகளிலிருந்து, முறையான சான்றுகளுடன் சென்றன. திருடர்கள் கேட்டதோ ஏறத்தாழ 95 கோடி டாலர். ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்பு எந்தெந்த இடங்களில் தளர்கிறது என்பதை அறிய இந்நிகழ்வு இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

ஸ்விஃப்ட் அமைப்பு

உலக வங்கிகள் ஒன்றுக்கொன்று பணப் பரிமாற்றச் செய்திகளை அனுப்ப, பெல்ஜியத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்விஃப்ட் என்னும் கூட்டுறவு அமைப்பைப் பயன்படுத்துகின்றன. இது 1973-இல் தொடங்கப்பட்டது. இவ்வலைப்பின்னல் பணத்தைச் சுமந்து செல்வதில்லை. "இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்" என்ற செய்தியை மட்டுமே சுமக்கிறது. மணியார்டர் படிவத்தில் உள்ள முத்திரையை நம்பி மற்றோர் ஊர் அஞ்சலகம் பணம் கொடுப்பதைப் போன்றதே இது. முத்திரை திருடர் கைக்குப் போய்விட்டால், எதிர்முனையில் இருப்பவர் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஊடுருவல்

2015 சனவரியில், வேலை கேட்டு விண்ணப்பிப்பவர் எழுதியது போன்ற மின்னஞ்சல்கள் வங்கிப் பணியாளர் சிலருக்கு வந்தன. அவற்றில் இருந்த இணைப்பின் வழியே தீங்கு செய்யும் நிரல் உள்ளே நுழைந்தது. அதன்பின் ஏறத்தாழ ஓராண்டு, திருடர்கள் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல நகர்ந்து ஸ்விஃப்ட் கணினிகளை அடைந்தனர். வங்கியின் வலைப்பின்னலில் தீச்சுவர் எனப்படும் தடுப்பு இல்லை என்றும், ஏறத்தாழ 10 டாலர் விலையுள்ள பழைய இணைப்புக் கருவிகளே இருந்தன என்றும் விசாரணை செய்த அந்நாட்டுக் காவல்துறை அதிகாரி தெரிவித்தார்.

மறுமுனையிலும் ஏற்பாடுகள் நடந்தன. 2015 மே மாதத்தில், பிலிப்பைன்சின் ஆர்.சி.பி.சி. வங்கியின் ஜூபிடர் தெருக் கிளையில், போலி ஆவணங்களைக் கொண்டு தலா 500 டாலருடன் கணக்குகள் தொடங்கப்பட்டன. பல மாதங்கள் அவற்றை யாரும் தொடவில்லை.

நாள் குறித்த விதம்

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு 35 கட்டளைகள் அனுப்பப்பட்டன. வங்காளதேசத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நியூயார்க்கில் சனியும் ஞாயிறும் விடுமுறை. அடுத்த திங்கள், பிப்ரவரி 8, சீனப் புத்தாண்டு என்பதால் மணிலாவில் விடுமுறை. மூன்று நகரங்களின் விடுமுறைகளும் அடுத்தடுத்து வரும்படி நாள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது.

அனுப்பிய செய்திகளின் படிகளை அச்சிடும் அச்சுப்பொறி ஒன்று டாக்கா அலுவலகத்தில் இருந்தது. திருடர்களின் நிரல் பதிவுகளை அழித்ததுடன் அச்சுப்படிகளிலும் தலையிட்டது. வெள்ளிக்கிழமை காலை அச்சுப்பொறி இயங்காததைக் கண்ட பணியாளர்கள் வழக்கமான பழுது என்றே எண்ணினர். அது சரியாகி, நியூயார்க்கிலிருந்து வந்திருந்த ஐயக் கேள்விகள் கண்ணில் பட்டபோது சனிக்கிழமை ஆகிவிட்டது. அப்போது நியூயார்க்கில் பதில் சொல்ல ஆளில்லை.

தடுத்தவை எவை

35 கட்டளைகளில் ஐந்து மட்டுமே நிறைவேறின. மற்ற 30 கட்டளைகள், ஏறத்தாழ 85 கோடி டாலர், நியூயார்க்கில் நிறுத்தப்பட்டன. இதில் ஒரு தற்செயலும் உண்டு. முகவரியில் இருந்த "ஜூபிடர்" என்ற சொல், பொருளாதாரத் தடைப் பட்டியலில் இருந்த ஒரு கப்பல் நிறுவனத்தின் பெயருடனும் பொருந்தியதால் அக்கட்டளைகள் தனியே எடுத்துப் பார்க்கப்பட்டன.

நிறைவேறிய ஐந்தில் ஒன்று, இலங்கையில் ஓர் அறநிறுவனத்தின் பெயருக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டாலர். "பவுண்டேஷன்" என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் எழுத்துப் பிழை இருந்ததைக் கண்டு, இடையில் இருந்த டாய்ச் வங்கி விளக்கம் கேட்டது. இத்தொகை இலங்கைக்கு வழக்கத்துக்கு மாறாகப் பெரிது என்று கொழும்பு வங்கியிலும் ஐயம் எழுந்தது. அப்பணம் முழுவதும் மீண்டது.

மணிலாவுக்குச் சென்ற 8.1 கோடி டாலருக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை. பணத்தை நிறுத்தக் கோரும் செய்தி வந்த பின்னரும், பிப்ரவரி 9 அன்று அதன் பெரும்பகுதி வெளியேறிச் சூதாட்ட விடுதிகளுக்குள் சென்றது. அந்நாட்டின் பணமோசடித் தடுப்புச் சட்டம் அன்று சூதாட்ட விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை. பின்னர் ஏறத்தாழ 1.5 கோடி டாலர் மட்டும் திரும்பக் கிடைத்தது.

பின்விளைவுகள்

பிலிப்பைன்ஸ் நாளிதழ்ச் செய்தி வழியே திருட்டு வெளியுலகுக்குத் தெரிந்தது. வங்காளதேச வங்கி ஆளுநர் அதியுர் ரகுமான் மார்ச் 15 அன்று பதவி விலகினார். ஆர்.சி.பி.சி. வங்கிக்கு 100 கோடி பெசோ தண்டம் விதிக்கப்பட்டது. 2017-இல் பிலிப்பைன்ஸ் சூதாட்ட விடுதிகளையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 2018-இல் அமெரிக்கா, வடகொரிய அரசுக்காக இயங்கியதாக ஒருவர் மீது குற்றம் சாட்டியது. வடகொரியா அதை மறுத்தது. ஸ்விஃப்ட் அமைப்பும் 2016-இல் வாடிக்கையாளர் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கி, உறுப்பு வங்கிகள் கடைப்பிடிக்க வேண்டிய கட்டாய விதிகளை வகுத்தது.

கும்பகோணத்தில் மீண்டும்

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரியில், கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலும் இதே முறை கையாளப்பட்டது. ஸ்விஃப்ட் அச்சுப்பொறி முந்தைய நாள் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. ஏறத்தாழ 20 லட்சம் டாலருக்கான மூன்று கட்டளைகள் வெளியே சென்றன. ஆனால் பிப்ரவரி 7 காலை, கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவை வங்கி அனுப்பாதவை எனத் தெரிந்தது. உடனே மற்ற வங்கிகளுக்குத் தகவல் பறந்தது. துபாய்க்குச் சென்ற 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது.

இரு நிகழ்வுகளிலும் திருடர்கள் அச்சுப்பொறியைக் குறிவைத்ததன் காரணம் ஒன்றே: சரிபார்க்கும் மனிதரின் கண்ணை மறைப்பது. முதன்மையான கணினிகளைப் பிற கணினிகளிலிருந்து பிரித்து வைத்தல், ஐயத்துக்குரிய மின்னஞ்சலைத் திறவாதிருக்கப் பணியாளரைப் பழக்குதல் ஆகியவற்றுடன், விடுமுறை நாளிலும் பதில் சொல்ல ஓர் ஆள், ஒவ்வொரு நாளும் கணக்கு ஒப்பீடு, சிறு பழுதையும் விசாரிக்கும் வழக்கம் ஆகியவையும் வங்கிப் பாதுகாப்பின் பகுதிகளாக இன்று கருதப்படுகின்றன.