மறுபயன்பாட்டு நீரில் பாக்டீரியா: களச்சோதனை முறைகள்

சுத்திகரித்த கழிவுநீரை வயலுக்கோ தொழிற்சாலைக்கோ ஏரிக்கோ அனுப்புமுன், அதில் மலக்கிருமிகள் எஞ்சியுள்ளனவா என்று நீர் எடுக்கும் இடத்திலேயே பார்க்கும் முறைகள் களச்சோதனை எனப்படும். சில முறைகள் சில நிமிடங்களில் விடை தருபவை. சிலவற்றுக்கு ஓர் இரவு வேண்டும்.

நீரில் வரக்கூடிய ஒவ்வொரு நோய்க்கிருமியையும் தனித்தனியே தேடுவது நடக்காத காரியம். ஆகவே மனிதர், கால்நடைகளின் குடலில் ஏராளமாக வாழும் ஈ.கோலி என்ற பாக்டீரியாவை அடையாளமாகக் கொள்கிறார்கள். ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடோர் எஷரிக் 1885இல் இதை விவரித்தார். ஈ.கோலி இருந்தால் நீரில் மலம் கலந்திருக்கிறது, காலரா, டைபாய்டு கிருமிகளும் வரக்கூடும் என்று பொருள்.

காலமே சிக்கல்

ஆய்வகத்தின் பழைய முறை கிருமியை வளர்த்துப் பார்ப்பது. பல குழாய்களில் ஊட்டக்கரைசலோடு நீரைச் சேர்த்து, எத்தனை குழாய்களில் வாயு உண்டாகிறது என்பதைக் கொண்டு 100 மில்லிலிட்டருக்கு இத்தனை என மதிப்பிடுவார்கள். எம்.பி.என். எனப்படும் இந்த எண் உறுதியாக இரண்டு முதல் நான்கு நாள் ஆகும். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் வந்த நொதிமுறை இதை 18 முதல் 24 மணி நேரமாகச் சுருக்கியது. அதில் ஈ.கோலி இருந்தால் நீர் புற ஊதா விளக்கின்கீழ் நீலமாக ஒளிரும். எப்படிப் பார்த்தாலும், அறிக்கை கைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் வயலில் பாய்ந்து முடிந்திருக்கும்.

மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவது தனிப் பாடு. விருதுநகர் மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், பிளவக்கல் அணைக்கு அருகே உள்ள கூமாப்பட்டியை எடுத்துக்கொள்வோம். இத்தகைய ஊரிலிருந்து எடுக்கும் மாதிரியைக் கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கூடுமானவரை அன்றைக்கே, அதிகம் போனால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். குளோரின் கலந்த நீரானால் குப்பியில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் இட்டிருக்க வேண்டும். இல்லையேல் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, நல்ல நீர் என்ற பொய் அறிக்கைக்கு இடம் கொடுத்துவிடும்.

கறுக்கும் குப்பி

இந்தியக் கிராமங்களுக்குப் பொருந்திய களச்சோதனை குவாலியரில் பிறந்தது. அங்குள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் மஞ்சாவும் அவருடைய சகாக்களும் 1982இல் உலக சுகாதார நிறுவன இதழில் இதை வெளியிட்டனர். பெப்டோன், இரும்பு உப்பு, தயோசல்பேட் ஆகியவற்றில் ஊறவைத்து உலர்த்திய தாள்துண்டு ஒரு சிறு குப்பியில் இருக்கும். அதில் 20 மில்லிலிட்டர் நீரை ஊற்றி 30 முதல் 37 டிகிரி வெப்பத்தில் வைத்தால், குடல்வாழ் பாக்டீரியாக்கள் பல ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது இரும்போடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்கும். அசல் ஆய்வு சொன்ன காலம் 12 முதல் 18 மணி நேரம். இன்று 48 மணி வரை வைத்துப் பார்ப்பதும் உண்டு. நம் வெயில் ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி இதற்கு மின்சாரமோ இன்குபேட்டரோ தேவையில்லை. மார்கழி இரவில் மட்டும் தாமதமாகும்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தரப்படுகிறது. அவர்கள் கையாளும் நுண்ணுயிர்ச் சோதனை இந்தக் குப்பிதான்.

குப்பியின் எல்லையைத் தெரிந்துகொள்வது அவசியம். இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) 100 மில்லிலிட்டரில் ஓர் ஈ.கோலிகூட இருக்கக் கூடாது என்கிறது. 20 மில்லிலிட்டர் குப்பி கறுக்காததால் மட்டும் அது நிரூபணம் ஆகிவிடாது. மண்ணிலும் கிணற்றிலும் உள்ள கந்தக பாக்டீரியாக்களும் கறுக்க வைக்கும். மறுபயன்பாட்டு நீரில் குறை இன்னும் பெரிது. சாக்கடை நீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் சல்பைடே போதும், ஊற்றிய உடனே கறுத்துவிடும். தவிர, குப்பி சொல்வது உண்டு, இல்லை என்பது மட்டுமே. பாசன நீரில் கேள்வி ‘எவ்வளவு’ என்பது. உலக சுகாதார நிறுவனம் 1989இல், பச்சையாக உண்ணும் காய்கறிக்குப் பாய்ச்சும் நீரில் 100 மில்லிலிட்டருக்கு 1000 மலக் கோலிஃபார்ம் (ஈ.கோலி உள்ளிட்ட குடல் பாக்டீரியாக் கூட்டம்) வரை ஏற்றது. இந்தியாவில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கான 2017 அறிவிக்கையிலும் அதே 1000தான். 800க்கும் 80,000க்கும் ஒரே கறுப்பைக் காட்டும் சோதனை இங்கே உதவாது. நீரைப் பத்து மடங்கு, நூறு மடங்கு என நீர்க்கச் செய்து பல குப்பிகளில் பார்த்தால் ஓரளவு கணக்கு கிடைக்கும்.

நிமிட முறைகள்

ஏ.டி.பி. சோதனையில் மின்மினிப் பூச்சியின் லூசிஃபெரேஸ் நொதி, உயிரணுக்களிலுள்ள ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யோடு வினைபுரிந்து ஒளிரும். சில நிமிடங்களில் விடை. ஆனால் அது குடல் பாக்டீரியாவா, தீங்கற்றதா என்று பிரித்துச் சொல்லாது. ஓட்ட அணுக்கணிப்பில் சாயமேற்றிய அணுக்களை லேசர் எண்ணும். கருவியின் விலை அதிகம். பி.சி.ஆர். ஓரிரு மணி நேரத்தில் ஈ.கோலியின் மரபணுவைக் காட்டும். ஆனால் குளோரினால் செத்த கிருமியின் மரபணுவையும் சேர்த்தே காட்டும். டிரிப்டோபன் ஒளிர்வை அளக்கும் உணரி நிலத்தடி நீரில் பயன்பட்டாலும், கரிமப் பொருள் மிகுந்த கழிவுநீரில் குழம்பும்.

ஆகவே பெரிய நிலையங்கள் கிருமியைவிடத் தடுப்புகளையே நொடிக்கு நொடி கண்காணிக்கின்றன. கலங்கல், எஞ்சிய குளோரின், சவ்வின் இருபுறமும் மின்கடத்துத்திறன் ஆகியவை அளவைகள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு ஆகிய இடங்களில் 2019இல் தொடங்கிய, நாளொன்றுக்கு தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. நிலையங்கள் தொழிற்சாலைகளுக்கு நீர் தருகின்றன. நமீபியாவின் விண்ட்ஹோக் 1968 முதல் சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரோடு சேர்க்கிறது.

சிற்றூருக்கும் இந்தப் பாடம் பொருந்தும். மேல்நிலைத் தொட்டி இயக்குபவர் குளோரோஸ்கோப்பில் நீரின் மஞ்சள் நிறத்தைப் பார்த்து, கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று தினமும் சரிபார்ப்பது, மாதமொரு முறை கறுக்கும் குப்பியைவிட விரைவான பாதுகாப்பு. சுத்திகரித்த கழிவுநீரைப் பொறுத்தவரை, 2017 வரம்பு எம்.பி.என். கணக்கிலேயே எழுதப்பட்டிருப்பதால், நிமிடக் கருவிகள் எச்சரிக்கை மட்டுமே தரும். தீர்ப்பு ஆய்வகக் குழாய்களிடமிருந்தே வருகிறது.